நைனா தேடிப் போன மூன்று நாட்கள்

எங்கள் நைனா ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. தகப்பனை நைனா என்று அழைப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலருக்கு அவரை எங்கள் சிறிய சபையின் மூப்பராகத் தெரியும். சிலருக்கு, அந்த ஜீப்பைக் கவிழ்த்தவனின் தகப்பனாக மட்டுமே தெரியும்.

"நல்ல காரியங்களை மட்டும் எழுதும்மா, போதும்" என்று போதகர் ஐயா சொன்னார். நான் தம்பியிடம் கேட்டேன். அவன் சொன்னான்: "எல்லாத்தையும் எழுதுக்கா. என்ன வுட்டுட்டு எழுதுனா அது நைனாவப் பத்தி எழுதுனதா ஆவாது."

ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நைனா பிறந்தது ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாட்டுக் குக்கிராமம் ஒன்றில். ஆறு பிள்ளைகளில் மூன்றாமவர். சாமையும் கேழ்வரகும் விளைந்த ஆண்டு வயிறு நிறையும்; விளையாத ஆண்டு காட்டுக் கிழங்குதான். அவருடைய தகப்பனார் கடுமையான மனிதர். அன்றைக்கு எவ்வளவு வேலை செய்தாயோ அந்த அளவுக்குத்தான் சோறும் பேச்சும்.

நைனாவுக்குப் பதினோரு வயது இருக்கும்போது மேய்ச்சலுக்குப் போன இடத்தில் ஆடு ஒன்று தொலைந்துவிட்டது. "ஆடு இல்லாம வூட்டுப் பக்கம் வராத" என்று தாத்தா சொல்லிவிட்டார். இரண்டு நாள் காட்டில் அலைந்து, நாய்கள் கடித்துப் போட்ட தோலை மட்டும் கண்டுபிடித்துத் தூக்கிக்கொண்டு திரும்பினார். இதை எங்களிடம் அவர் ஒரே ஒருமுறைதான் சொல்லியிருக்கிறார். அடி வாங்கியதைப் பற்றி அவருக்கு வருத்தம் இல்லை. "அந்த ரெண்டு நாளும் ஆட்டதான் எல்லாரும் தேடுனாங்க. என்னத் தேடி ஒருத்தரும் வரல" என்றார். சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

இருபது வயதில் அவருக்கு நெஞ்சுச் சளியோடு ரத்தம் வந்தது. கீழே சமவெளியில் ஒரு மருத்துவமனையில் மாதக்கணக்கில் கிடந்தார். வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. பக்கத்துக் கட்டிலில் தையற்காரர் ஒருவர் இருந்தார். அவர் விடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, "அப்பா, அப்பா" என்று மெல்லப் பேசுவாராம். சில நாள் பார்த்துவிட்டு நைனா கேட்டிருக்கிறார்: "அண்ணே, தெனம் கூப்புட்றீங்களே, உங்க அப்பா ஒரு நாளு கூட வர்லியே?" அந்த மனிதர் சிரித்துவிட்டு, "நான் கூப்புட்றதுக்கு முன்னாடியே வந்துட்டாருப்பா. உன் கட்டிலுக்கும்தான் வந்துகீறாரு" என்றாராம்.

கடவுளைத் தகப்பன் என்று கூப்பிடலாம் என்பது நைனாவுக்குப் புதிதாக இருந்தது. அதைவிடப் புதிதாக இருந்தது, எதையும் செய்யாமல் கட்டிலில் கிடக்கிறவனைத் தேடி ஒரு தகப்பன் வருவார் என்பது. அந்த மருத்துவமனையிலேயே விசுவாசத்துக்குள் வந்தார். கடைசிவரை அவர் ஜெபத்தில் கடவுளை 'நைனா' என்றுதான் அழைத்தார். ஆரம்பத்தில் வந்த ஒரு போதகர், "பிதாவே என்று சொல்லுங்கள்" என்று திருத்தியபோது, "எங்க வூட்ல யாரும் அப்டி கூப்டறதில்லீங்களே ஐயா" என்று பணிவாகச் சொல்லிவிட்டார்.

ஊர் திரும்பியபோது தாத்தா அவரை வீட்டுக்குள் சேர்க்கவில்லை. ஓடையோரம் குடிசை போட்டுக்கொண்டார். பிற்காலத்தில் தாத்தா படுத்த படுக்கையானபோது, நான்கு மாதம் அவருக்கு மலஜலம் எடுத்துக் கழுவியவர் நைனாதான். இதில் நியாயம் எங்கே என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

எங்கள் அம்மாவை அவர் மணந்ததும், நான் பிறந்ததும், ஐந்து ஆண்டு கழித்துத் தம்பி சாமுவேல் பிறந்ததும் சந்தோஷமான நாட்கள். தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் பன்னிரண்டு குடும்பங்கள் கூடும் சபைக்கு அவர் மூப்பர் ஆனார். தம்பிக்குப் பதினான்கு வயதாகும்போது அம்மாவுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. ஐப்பசி மழை. ஜீப் எதுவும் மேலே ஏறவில்லை. கம்பில் தூளி கட்டி, அம்மாவை அதில் கிடத்தி நான்கு பேர் சுமந்து இறங்கினார்கள். நைனா வழிநெடுக ஜெபித்துக்கொண்டே நடந்தார். பாதி வழியில் தூளி கனத்துவிட்டது என்று சுமந்தவர்கள் சொன்னார்கள். இறக்கிப் பார்த்தோம். அம்மாவுக்கு மூச்சு இல்லை.

அந்த இடத்திலேயே தம்பி நைனாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்தினான்: "அவ்ளோ தூரம் கூப்டியே, கேட்டாரா உன் நைனா? கேட்டாரா?"

நைனா மழையில் நின்று அழுதார். அன்றிலிருந்து தம்பி சபைக்கு வரவில்லை. ஜீப் ஓட்டக் கற்றுக்கொண்டான். கீழ் ஊர்க்காரர் ஒருவரின் ஜீப்பை வாடகைக்கு ஓட்டினான். பிரசவ வலி என்று யார் வந்து கதவைத் தட்டினாலும் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடுவான். அதையும் நான் இங்கே எழுதியாக வேண்டும். அதேபோல, குடிக்க ஆரம்பித்தான் என்பதையும்.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்து, மலையிலேயே ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். சபையில் எல்லோரும் என்னைக் காட்டித் தங்கள் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

அது புளி உலுக்கும் காலம். சந்தை நாள். காலையில் தம்பியின் ஜீப்பில் முன் இருக்கையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். கூரை மேல் புளி மூட்டைகள். பின்னால் எட்டுப் பேர். அவன் திரும்பிப் பேசியபோது சாராய வாடை வந்தது. முந்தைய வாரம்தான் அவனோடு இதற்காகப் பெரிய சண்டை. மறுபடியும் எல்லோர் முன்னிலும் கத்த வேண்டுமா என்று சலிப்பாக இருந்தது. பள்ளி வந்ததும் இறங்கினேன். "பாத்துப் போ" என்று மட்டும் சொன்னேன்.

நான் எழுந்த இடத்துக்குப் பின்னாலிருந்து சென்னம்மா மாறி வந்து உட்கார்ந்தாள். எங்கள் பங்காளி கோவிந்தண்ணனின் மனைவி. அண்ணன் நைனாவைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவார். சென்னம்மாவின் மூன்று வயது மகள் வீட்டில் இருந்தாள். "அப்பாடா, காத்து வருதுடி இங்க" என்று சிரித்துக்கொண்டே சென்னம்மா எனக்குக் கை காட்டினாள்.

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் ஜீப் உருண்டது. ஏழு பேர் காயங்களோடு தப்பினார்கள். சென்னம்மா தப்பவில்லை.

தகவல் கேட்டு நான் ஓடிப் போனபோது நைனா எனக்கு முன்பே அங்கே இருந்தார். புளியங்காட்டிலிருந்து செருப்பில்லாமல் ஓடி வந்திருக்கிறார். ஜீப்புக்கு அடியிலிருந்து சென்னம்மாவை எடுத்தவர் அவர்தான். அவளுடைய சேலையை இழுத்துவிட்டுத் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம்பியைக் காணவில்லை. கையில் ரத்தம் ஒழுக அவன் காட்டுக்குள் ஓடியதைக் காயம்பட்டவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை, சென்னம்மாவை அடக்கம் செய்த கையோடு, கோவிந்தண்ணன் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். பின்னால் ஊர்த் தலைவரான கவுண்டரும் பத்துப் பதினைந்து பேரும். அண்ணன் கையில் கொடுவாள் இருந்தது.

"அவன் எங்க கீறான் பெரிப்பா?"

"தெரிலப்பா. தேடத்தான் கெளம்புறேன்."

"உனுக்குத் தெரியாம எங்க போவான்? ஒளிச்சு வெச்சினுகீற நீ."

நைனா கதவை முழுக்கத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். "உள்ள போய்ப் பாரு. நான் ஒளிக்கல. அவன் குடிச்சுட்டு ஓட்டிகீறான். தப்பு அவன் மேலதான். கெடச்சா நானே ஸ்டேஷனுக்குக் கூட்டினு போவேன்."

"கெடச்சா மொதல்ல எனக்குச் சொல்லணும். சொல்லுவியா?"

சொல்லாதே நைனா, சொல்லாதே என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"சொல்லுவேன்" என்றார் நைனா.

அன்றும் மறுநாளும் அவர் காட்டில் தேடினார். கேழ்வரகுக் களியை இலையில் கட்டி எடுத்துப் போவார். மாலையில் கட்டு அவிழாமல் திரும்பி வரும். மறுநாள் புதிதாகக் கிளறி எடுத்துக்கொண்டு போவார். இன்னொரு பக்கம் கோவிந்தண்ணனின் ஆட்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். காவலர்கள் சாலையில் நின்றார்கள். யார் முதலில் கண்டுபிடிப்பார்கள் என்பதே ஊரில் பேச்சு.

மூன்றாம் நாள் காலை நானும் கூடப் போனேன். நைனாவின் பாதம் வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. குரல் கம்மிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு பாறைச் சரிவிலும் நின்று கூப்பிட்டார்: "சாமுவேலு! நைனா வந்துகீறேன்டா!"

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "அவன் கெடைக்காமலே போனா கூட நல்லதுதான் நைனா. செத்தது சென்னம்மா. அவளுக்காக யாரு காட்டுல கூப்ட்டுனு அலைறாங்க?"

அவர் நின்று என்னைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். "அவளுக்காவ நெஞ்சு வெடிக்குது பாப்பா. ஆனா காட்டுக்குள்ள கீறது இவன்தானே" என்றார். மறுபடி நடந்தார்.

வெயில் ஏறியபோது, ஓடைக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் பெரிய பாறையில் அவனைக் கண்டோம். விளிம்பில் நின்றிருந்தான். கீழே நல்ல ஆழம். ஒரு கை வீங்கித் தொங்கியது. எங்களைக் கண்டதும் குதிகால் விளிம்பைத் தொடும்வரை பின்னால் நகர்ந்தான்.

"கிட்ட வராத நைனா. வந்தா குதிச்சுடுவேன்."

நைனா அப்படியே உட்கார்ந்துவிட்டார். என்னையும் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"இன்னாத்துக்கு வந்த?" என்று தம்பி கேட்டான்.

"நீ இங்க கீற. வேற எங்கடா போவேன்?"

"சென்னம்மாவக் கொன்னுட்டேன் நைனா."

நான், 'இல்லடா, அது விபத்து' என்று நைனா சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"ஆமாண்டா. கொன்னுட்ட. நான்தான் அவள வெளிய எடுத்தேன்."

தம்பி வாய்விட்டு அழுதான். "அப்பறம் எதுக்கு என்னத் தேடுற? நான் உன் புள்ள இல்லன்னு போய்டு. போய்டு நைனா."

"நீ செஞ்சது உன் கையில இருந்துச்சு" என்றார் நைனா. ஒவ்வொரு சொல்லாக, மெதுவாக. "நீ என் புள்ளயா கீறது உன் கையில இல்லடா. அத உன்னால ஒன்னும் பண்ண முடியாது. ஜெயிலுக்குப் போனாலும் நீ என் புள்ளதான். இந்தப் பாறைலருந்து வுழுந்தாலும் என் புள்ளதான். ஆனா வுழுந்துட்டினா கூடவே நடந்து வர்றதுக்கு எனக்கு ஆள் இல்லாம போய்டும். கோவிந்தன் மொகத்தப் பாக்க நீயும் வரணும். எழுந்து வாடா."

தம்பி அசையவில்லை. "எல்லாம் நான் ஒருத்தன் பண்ணது" என்று முனகிக்கொண்டே கீழே பார்த்தான்.

அப்போது நான் ஏன் பேசினேன் என்று எனக்குத் தெரியாது. சாகும்வரை அதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று நினைத்திருந்தேன்.

"நீ ஒருத்தன் இல்லடா. எனக்கு அன்னைக்குக் காலைலயே வாட வந்துச்சு. தெரிஞ்சும் எறங்கிப் போனேன். நான் எறங்கின எடத்துலதான் அவ உக்காந்தா."

தம்பி தலையைத் தூக்கினான். நைனா என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை நேருக்கு நேர் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இனிமேல் அவர் என்னைத் தொடக்கூட மாட்டார் என்று நினைத்தேன். பற்றியிருந்த என் கையை அவர் விடவில்லை. இன்னும் இறுக்கினார்.

"ரெண்டு பேரும் வாங்க" என்றார். அவ்வளவுதான்.

தம்பி தவழ்ந்து வந்தான். நைனா அவனைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு களியைப் பிட்டு ஊட்டினார். தண்ணீர் கொடுத்தார். தன் துண்டைக் கிழித்து அவன் கைக்குக் கட்டுப் போட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"போய் கோவிந்தன்கிட்ட சொல்லு."

"நைனா! வெட்டிடுவாரு!"

"சொல்றேன்னு சொன்னேன் இல்ல? அவன் பொஞ்சாதியக் குடுத்துட்டு நிக்கிறான். அவனையும் ஏமாத்தணுமா? போம்மா."

தம்பி சரியென்று தலையை ஆட்டினான்.

இறங்கி ஓடினேன். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்றேன். வலப்பக்கம் போனால் சாலை. அங்கே காவலர்கள் இருந்தார்கள். இடப்பக்கம் போனால் கோவிந்தண்ணன் வீடு. காவலர்களிடம் போய்விட்டால் தம்பி பிழைப்பான். நைனாவுக்கு ஏதாவது பொய் சொல்லிக்கொள்ளலாம். எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியாது. பாறை மேல் தம்பியிடம் ஒரு பொய்யும் சொல்லாமலே அவனை இறக்கியவருக்கு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. இடப்பக்கம் திரும்பினேன்.

அண்ணன் மகளை மடியில் வைத்துச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். "அண்ணா, கெடச்சுட்டான். நைனா சொல்லச் சொன்னாரு" என்றேன். குழந்தையைத் தன் தங்கையிடம் கொடுத்தார். கொடுவாளை எடுத்தார். கூட வரக் கிளம்பியவர்களை, "ஒருத்தரும் வராதீங்க" என்று நிறுத்தினார்.

மேலே ஏறினோம். அவர் முன்னே, நான் பின்னே. கொடுவாள் அவருடைய தொடையில் உரசும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. என்னால் ஜெபிக்கக்கூட முடியவில்லை.

நைனாவும் தம்பியும் பாறையிலிருந்து இறங்கி மரத்தடியில் நின்றிருந்தார்கள். ஓடிப் போகாமல் நின்றார்கள் என்பதே அண்ணனைத் தடுமாற வைத்தது என்று நினைக்கிறேன்.

"பெரிப்பா, ஒதுங்கு."

"ஒதுங்க மாட்டேன்டா. சொன்ன மாதிரி உனக்குச் சொல்லி வுட்டேன். இப்ப இவன் நடந்து ஸ்டேஷனுக்கு வருவான். நீயும் கூட வா."

"அவ இன்னா பண்ணா பெரிப்பா?" அண்ணனின் குரல் உடைந்தது. "அவ யாருக்கு இன்னா பண்ணா?"

"ஒன்னும் பண்ணல. ஒன்னுமே பண்ணலடா அவ."

அண்ணன் கையை ஓங்கினார். தம்பி கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றான். நைனா திரும்பி அவனைக் கட்டிக்கொண்டார். கொடுவாளின் முதுகுப்பக்கம் நைனாவின் இடது தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. முழங்கால் மடங்கியும் அவர் கையை விடவில்லை. தம்பியோடு சேர்ந்தே சரிந்தார்.

அண்ணன் கொடுவாளை ஓடைப் பக்கம் வீசிவிட்டு, தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நாங்கள் நால்வரும் அங்கே எவ்வளவு நேரம் அழுதோம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு நைனா ஒற்றைக் கையை ஊன்றி எழுந்தார். நால்வரும் ஒன்றாகவே இறங்கினோம். காவல் நிலையத்தில், தோளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். "அது எனக்கும் ஒருத்தருக்கும் நடுவுல உள்ளதுங்க. அதச் சொல்ல மாட்டேன்" என்று நைனா சொன்னார். எத்தனை முறை கேட்டும் அதே பதில்தான்.

அதற்குப் பிறகு அந்தக் கை தோளுக்கு மேல் எழவில்லை. ஆராதனையில் மற்றவர்கள் இரு கைகளையும் உயர்த்தும்போது அவர் ஒரு கையை மட்டும் உயர்த்துவார்.

தம்பி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். தண்டனை விழுந்தது. நைனா மூப்பர் பொறுப்பிலிருந்து தாமாகவே விலகினார். மாதம் இரண்டு முறை, நடந்தும் ஜீப்பிலும் பேருந்திலுமாக, சிறைக்குப் போய் வருவார். சபையில் ஒருவர், "தப்பு பண்ணவனுக்கு இவ்ளோ செல்லம் குடுத்தா, மத்த புள்ளைங்களுக்கு என்ன பயம் இருக்கும்?" என்று கேட்டார். "அவன் ஜெயில்ல கீறான் தம்பி. செல்லத்துலயா கீறான்?" என்றார் நைனா. பிறகு சொன்னார்: "அவனுக்குத் தண்டன குடுக்க கோர்ட்டு இருக்குது. தகப்பனா இருக்க நான் ஒருத்தன்தானே கீறேன்."

முதல் மழைக்கு, ஒற்றைக் கையோடு கோவிந்தண்ணனின் நிலத்தில் சாமை விதைக்கப் போனார். அண்ணன் துரத்திவிட்டார். அடுத்த ஆண்டும் போனார். அப்போதும் துரத்தினார். மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குள் போய்விட்டார். நைனா விதைத்துவிட்டு வந்தார்.

தம்பி விடுதலையாகி வந்த நாளன்று நான் வீட்டுக்குப் போகவில்லை. பள்ளியில் வேலை இருப்பதாகச் சொல்லி அனுப்பினேன். வேலை எதுவும் இல்லை. பாறை மேல் நான் சொன்னதைப் பற்றி நைனா அதன் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை. அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சென்னம்மாவின் மகள் அந்த ஆண்டுதான் எங்கள் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்ந்திருந்தாள். அவளுக்குத் தலை வாரிவிடும்போதெல்லாம் சென்னம்மா கை காட்டியது கண்ணில் வரும். தண்டனை முடித்து அவன் வந்துவிட்டான். எனக்கு எது முடிவு?

வெயில் சாயும் நேரத்தில் பள்ளி வாசலில் நைனா நின்றிருந்தார். வீட்டில் மகனை விட்டுவிட்டு, இரண்டு மேடு ஏறி இறங்கி நடந்து வந்திருக்கிறார். மூச்சு வாங்கியது.

"இன்னா நைனா இது? அவன் இன்னைக்குத்தானே வந்தான்?"

"அவன் வந்துட்டான். நீ இன்னும் வரலியே" என்றார்.

என்னால் அடக்க முடியவில்லை. "நான் செஞ்சது உனக்குத் தெரியும். ஒரு வார்த்த திட்டல. இப்பவும் சபைல என்ன நல்ல பொண்ணுன்னு சொல்றாங்க. அதக் கேட்டா எனக்கு இன்னா பண்ணுது தெரியுமா நைனா?"

அவர் வாசற்படியில் உட்கார்ந்து என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தார். "நீ வாயத் தொறந்திருக்கணும் பாப்பா. தொறக்கல. அது தப்புதான்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அத்தனை நாள் காத்திருந்தேன் போலிருக்கிறது, உடம்பே லேசானது. "ஆனா நீ நல்ல பொண்ணுன்னுட்டா உன்னத் தூக்குனேன்? பொறந்து ரத்தத்தோட கெடந்தப்பவே தூக்குனேன். அப்ப உனக்குப் படிப்பா தெரியும், ஜெபமா தெரியும்? அழ மட்டும்தான் தெரியும். நம்ம எல்லாருக்கும் மேல கீற நைனாவும் அப்டித்தாம்மா. எனக்கு அவுரப் பத்தித் தெரிஞ்சது அது ஒன்னுதான்."

அன்று அவரோடு வீட்டுக்குப் போனேன். ஞாயிறுதோறும் கேட்டும் விளங்காத தேவ அன்பு எனக்கு விளங்கியது அந்த வாசற்படியில்தான். நான் சம்பாதிக்கப் பார்த்தது, முன்பே எனக்குக் கொடுக்கப்பட்டிருந்தது.

சென்ற ஆண்டு பழைய நெஞ்சு நோய் திரும்பியது. தம்பி அவரை முதுகில் சுமந்து சாலைக்கு இறக்கினான். மருத்துவமனையில் பன்னிரண்டு நாட்கள். எட்டாம் நாள் கோவிந்தண்ணன் வந்து அறை வாசலில் நின்றார். தம்பி எழுந்து வெளியே போய்விட்டான். "பெரிப்பா, என்னால அவன மன்னிக்க முடியல. பொய் சொல்ல மாட்டேன்" என்றார் அண்ணன். "நான் கேக்கவே இல்லியே கோவிந்தா. நீ வந்ததே போதும். உக்காரு" என்றார் நைனா. அண்ணன் மாலைவரை அவருடைய காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டாம் நாள் காலை, நாங்கள் இருவரும் பக்கத்தில் இருக்க, நைனாவின் மூச்சு நின்றது.

அவரை மேலே கொண்டுவர வண்டி கொடுத்தவருக்கும், இரவு பகல் பாராமல் கவனித்த செவிலியர்களுக்கும், அடக்க ஆராதனை நடத்திய போதகர் ஐயாவுக்கும், வேறு சாமியைக் கும்பிட்டாலும் எங்கள் வாசலில் வந்து அடுப்பு மூட்டி எல்லோருக்கும் சமைத்த எங்கள் ஊர்ப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நெஞ்சார்ந்த நன்றி.

கோவிந்தண்ணனுக்கும் நன்றி. அடக்கத்தன்று காலை, யாரும் கூப்பிடாமல் அவர் கடப்பாரையோடு வந்தார். குழிக்குள் தம்பி மட்டும் வெட்டிக்கொண்டிருந்தான். அண்ணன் உள்ளே இறங்கினார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல், முதுகைத் திருப்பிக்கொண்டு வெட்டினார்கள். நெடுநேரம் கழித்து தம்பி மண்வெட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தான். அண்ணன் கைகளால் குழியை அளந்து பார்த்தார். பிறகு, அந்த விபத்துக்கு அப்புறம் முதல் தடவையாக, அவனைப் பார்த்துப் பேசினார்.

"ஆழம் போதாதுடா. இன்னும் ஒரு மொழம் வெட்டு."

தம்பி குனிந்து வெட்டினான்.